நாலு பாட்டில் அசிட்டோநைட்ரைலும் ரூல் 149ம்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு ஜூனியர் பொண்ணு போன் பண்ணா. பிஎச்டி அஞ்சாவது வருஷம், தீசிஸ் எழுதிட்டு இருக்கா, சரியா தூங்கி பல நாள் ஆச்சுன்னு குரல்லயே தெரிஞ்சது. "அண்ணா, உங்கள மாதிரி சயின்ஸ் பாலிசி பக்கம் வரணும்னா என்ன கோர்ஸ் படிக்கணும், பப்ளிக் பாலிசில மாஸ்டர்ஸ் பண்ணனுமா, இல்ல யுபிஎஸ்சி எழுதணுமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டா. அறிவியல் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் போடற விதி, ஒதுக்கற பணம், இத பத்தி ஆராய்ஞ்சு எழுதறதுதான் என் வேலை. அந்த கோர்ஸ், பரீட்சை ரெண்டுமே நான் பண்ணல. என்ன பண்ணேன்னு சொல்லலாம்னு ஆரம்பிச்சா அது ஒரு பாட்டில் கதையில போய் நின்னுச்சு, போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது, மீதிய இங்க எழுதறேன். அவளும் படிப்பா.

2019. நான் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல பிஎச்டி மூணாவது வருஷம். வேலை பூரா ஹெச்பிஎல்சி மெஷின்ல, ஒரு கலவைல என்னென்ன இருக்குன்னு பிரிச்சு காட்டற மெஷின் அது, அதுக்கு அசிட்டோநைட்ரைல்னு ஒரு சால்வென்ட் தண்ணி மாதிரி செலவாகும். வழக்கமா வாங்கற கம்பெனிகிட்ட வாங்கித் தரச் சொல்லி இன்டென்ட் போட்டா பர்ச்சேஸ் செக்ஷன்ல இருந்து திரும்பி வந்துருச்சு, ஜெம் போர்ட்டல்ல வாங்குங்கன்னு. ஜெம்னா அரசாங்கத்தோட ஆன்லைன் கடை, பேனாவுல இருந்து ஏசி வரைக்கும் கிடைக்கும், 2016ல ஆரம்பிச்சாங்க. சரின்னு தேடினா அசிட்டோநைட்ரைல்னு ஒண்ணு இருக்கு, விலையும் கம்மி, போட்டோவுல பாட்டில் அழகா இருக்கு. நாலு பாட்டில் ஆர்டர் போட்டோம், ஒண்ணரை மாசம் கழிச்சு வந்துச்சு. முதல் பாட்டில திறந்து மெஷின்ல ஓட்டறேன், 210 நானோமீட்டர்ல பேஸ்லைன் நேர்கோடா போகணும், அது கொடைக்கானல் ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. லேபிள்ல ஹெச்பிஎல்சி கிரேடுன்னுதான் போட்டிருந்தான், உள்ள இருந்தது என்னன்னு அந்த வெண்டருக்கும் அவன் குலதெய்வத்துக்கும்தான் வெளிச்சம். மெஷின்ல இருக்கற காலம் (column) குழாயையும் கழுவி கழுவி பாத்தேன், ரெண்டு வாரம் போச்சு.

கோவத்துல நேரா பர்ச்சேஸ் செக்ஷனுக்கு போயிட்டேன். அங்க ஒரு சார் இருப்பாரு, ஐம்பத்தி அஞ்சு வயசு, மேஜை மேல எப்பவும் ஒரு எவர்சில்வர் டம்ளர், பக்கத்துல அட்டை கிழிஞ்ச ஒரு தடி புஸ்தகம். லேப் பசங்க எல்லாருக்கும் அவர்தான் வில்லன். நான் போய் கத்தினதும் அவர் கத்தல, அந்த புஸ்தகத்த திறந்து என் பக்கம் திருப்பி வெச்சாரு. ஜெனரல் ஃபைனான்சியல் ரூல்ஸ், 2017. "படிங்க தம்பி, ரூல் 149. ஜெம்ல இருக்கற பொருளை ஜெம்லதான் வாங்கணும். இல்லன்னா அது அங்க இல்லைன்னு ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் ரூல் 154, இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் குவோட்டேஷன் இல்லாம வாங்கலாம், ஆனா பொருள் தரமானது, விலை நியாயமானது, எனக்கு திருப்தின்னு உங்க ப்ரொபசர் கையெழுத்து போடணும். போடுவாரா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா அவர் வருவாரா, நான்தான் நிக்கணும்." அப்புறம் டீய ஒரு வாய் குடிச்சிட்டு சொன்னாரு, "இது என் ரூல் இல்ல. என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம். மாத்தணும்னா டெல்லி நார்த் பிளாக்ல போய் கத்துங்க, நிதி அமைச்சகத்தோட செலவினத் துறை அங்கதான் இருக்கு."

ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். அதுவரைக்கும் எனக்கு "சிஸ்டம் சரியில்ல" அவ்வளவுதான் தெரியும், கேன்டீன்ல உக்காந்து தினமும் அதான் பேசுவோம். அந்த சிஸ்டத்துக்கு நம்பர் இருக்குன்னும், அந்த நம்பருக்கு ஒரு துறை சொந்தக்காரன்னும், அந்த துறைக்கு ஒரு கட்டடம் இருக்குன்னும் அன்னைக்குதான் உறைச்சுது. அந்த ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து ஜிஎஃப்ஆர் பிடிஎஃப்ப டவுன்லோட் பண்ணி படிச்சேன், தீசிஸ்க்கு படிக்க வேண்டிய பேப்பர் பதினாறு அப்படியே கிடந்துச்சு. நான் பாலிசிக்கு வந்தது அன்னைக்குன்னுதான் நினைச்சுக்கறேன், ஆஃபர் லெட்டர் வர மூணு வருஷம் ஆச்சுங்கறது வேற விஷயம்.

வேலைன்னு தேட ஆரம்பிச்சப்போ வாசல் ரொம்ப இல்லன்னு புரிஞ்சுது. அமெரிக்காவுல பிஎச்டி முடிச்சவங்கள வருஷா வருஷம் காங்கிரஸ் ஆபீசுக்கும் அரசு துறைகளுக்கும் அனுப்பற ஃபெலோஷிப்ப ஏஏஏஎஸ்னு அங்க இருக்கற அறிவியல் அமைப்பு 1973லயே ஆரம்பிச்சிருச்சு. நம்ம ஊர்ல டிஎஸ்டி, அதாவது அறிவியல் தொழில்நுட்பத் துறை, பாலிசி ஃபெலோஷிப்னு ஒண்ணு நடத்துது, அதுக்காகவே சில இடங்கள்ல பாலிசி ரிசர்ச் சென்டர் இருக்கு, பெங்களூர் ஐஐஎஸ்சில ஒண்ணு, ஐஐடி டெல்லில ஒண்ணு, சண்டிகர் பஞ்சாப் யுனிவர்சிட்டில ஒண்ணுன்னு. இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருந்தா மசோதாக்கள ஆராய்ஞ்சு எம்பிங்களுக்கு எழுதிக் குடுக்கற பிஆர்எஸ் அமைப்பு நடத்தற லேம்ப் ஃபெலோஷிப் இருக்கு, ஒரு எம்பி கிட்ட கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேலை, இன்ஜினியரிங் முடிச்ச பசங்களும் போறாங்க, ஆனா பிஎச்டி முடிக்கறதுக்குள்ள நமக்கு அந்த வயசு தாண்டி முடி கொட்ட ஆரம்பிச்சிருக்கும். தமிழ்நாட்டுக்குள்ளயே இருக்கணும்னா 2022ல ஆரம்பிச்ச முதலமைச்சர் ஃபெலோஷிப் இருக்கு, ரெண்டு வருஷம், அது அறிவியலுக்கு மட்டும்னு இல்ல, அரசோட திட்டங்கள் எல்லாத்துக்கும். ஐஐடி மெட்ராஸ்ல டெக்னாலஜி அண்ட் பாலிசிக்குன்னு ஒரு சென்டர் இருக்கு. டெல்லி ஜேஎன்யுல சயின்ஸ் பாலிசிக்குன்னே தனி சென்டர் ரொம்ப வருஷமா இருக்கு, பிஎச்டியே அதுல பண்ணலாம். மீதி எல்லாம் திங்க் டேங்க், அதாவது கொள்கைய ஆராய்ஞ்சு எழுதற அமைப்புங்க. நான் உள்ள வந்தது திங்க் டேங்க் வழியா, டெல்லில, பேர் வேணாம்.

சம்பளம் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, நான் சொல்றேன். வெளிநாட்டுக்கு போஸ்ட்டாக் போன என் கூட்டாளிங்க வாங்கறதுல கால்வாசிகூட இல்ல, காலேஜ்ல அசிஸ்டன்ட் ப்ரொபசர் ஆனவனுக்கு இருக்கற நிம்மதியும் இல்ல. முக்கால்வாசி கான்ட்ராக்ட், ஒரு வருஷம், நல்லா பண்ணா இன்னொரு வருஷம், ஃபண்டிங் குடுக்கறவன் மனசு மாறினா அவ்வளவுதான். வீட்டுக்கு பணம் அனுப்ப வேண்டிய நிலைமைல இருக்கறவங்க இத கணக்குல எடுத்துக்கணும், ஆசை மட்டும் டெல்லி முனிர்கா ஏரியாவுல வாடகை கட்டாது. எனக்கு முதல் வருஷம் தம்பி வேலைக்கு போயிட்டதால தப்பிச்சேன். இல்லன்னா இந்த பதிவே வந்திருக்காது.

முனிர்கான்னதும் ஞாபகம் வருது. ரூம் மூணாவது மாடி, ஜன்னல திறந்தா எதிர்வீட்டு கிச்சன், கைய நீட்டினா அவங்க சப்பாத்திய எடுத்துரலாம். ஞாயித்துக்கிழமை நடந்தே ஆர்கே புரம் மலை மந்திர் போயிருவேன், சாமி கும்பிடறத விட தமிழ் காதுல விழணுமேன்னுதான். இந்தி தெரியாம முதல் ஆறு மாசம் பட்ட பாட்ட தனியா எழுதணும், இங்க வேணாம்.

இப்ப வேலைக்கு வரேன். முதல் வாரமே எங்க மேடம், எகனாமிக்ஸ்காரங்க, பழைய திட்டக் கமிஷன் காலத்துல இருந்து ஃபைல் பாத்தவங்க, ஆராய்ச்சி நிறுவனங்கள்ல கொள்முதல் பிரச்சனை பத்தி ஒரு ப்ரீஃப், அதாவது அதிகாரிங்க படிக்கற சின்ன குறிப்பு, எழுதுன்னாங்க. பழம் நழுவி பால்ல விழுந்த மாதிரி, நம்ம சப்ஜெக்ட்! பதினாலு பக்கம் எழுதினேன், அடிக்குறிப்பு மட்டும் நாப்பத்தி ரெண்டு. முதல் வரி இப்படி இருந்துச்சு: இந்திய ஆராய்ச்சிச் சூழலில் கொள்முதல் நடைமுறைகள் பல்வேறு காரணிகளால் தாமதத்திற்கு உள்ளாகின்றன எனக் கருத இடமுண்டு, எனினும் இது குறித்து மேலதிக ஆய்வுகள் தேவை. மேடம் அத படிச்சிட்டு சிவப்பு பேனாவ எடுத்தாங்க. "மேலதிக ஆய்வு தேவை"ய அடிச்சாங்க. "கருத இடமுண்டு"வ அடிச்சாங்க. "பல்வேறு காரணிகள்" மேல வட்டம் போட்டு, எது, எத்தனைன்னு எழுதினாங்க. அப்புறம் மார்ஜின்ல மூணு கேள்வி: யார் கிட்ட கேக்குற? அவங்களால அத செய்ய முடியுமா? செய்யலன்னா யாருக்கு நஷ்டம்? அதுக்கு கீழ, ரெண்டு பக்கம், வெள்ளிக்கிழமை.

பிஎச்டில அஞ்சு வருஷமா நமக்கு சொல்லிக் குடுத்ததே ஜாக்கிரதையா பேசறதுதான், தெரிஞ்சதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, ரெவ்யூவர் கடிச்சிருவான். அதனால ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஹெல்மெட் மாட்டி விடுவோம். இங்க ஒரு இணைச் செயலாளர் உன் பேப்பர படிக்கப் போறது ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல, லிஃப்ட் வர்ற நேரத்துல, அவருக்கு தேவை என்ன பண்ணனும், எந்த ரூல தொடணும், பண்ணா யார் எதிர்ப்பாங்க, எவ்வளவு செலவு, இது நாலுதான். ஆனா அதுக்காக தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதிரவும் கூடாது, இதுதான் கஷ்டமே. எங்க உறுதியா சொல்றோம், எங்க கணிப்புன்னு ஒரே வரியில பிரிச்சு காட்டணும். வெள்ளிக்கிழமை குடுத்த வெர்ஷன்ல முதல் வரி இது: ஆராய்ச்சிக்கான ரசாயனம், கருவிகளுக்கு ரூல் 149ல இருந்து விலக்கு தரணும், முடிவெடுக்க வேண்டியது செலவினத் துறை. மேடம் அந்த வரிய மட்டும் அடிக்கல. மீதி பக்கத்துல சிவப்பு நிறைய இருந்துச்சு, பரவால்ல.

அடுத்து எல்லா புதுப் பசங்களும் பண்ற ஒரு காரியம், நானும் பண்ணேன். இந்தியா ஆராய்ச்சிக்கு ஜிடிபில 0.64 சதவீதம்தான் செலவு பண்ணுது, தென்கொரியா 5 சதவீதத்த தொடுது, அதனால நாமளும் 2 சதவீதம் ஆக்கணும்னு எழுதறது. கேக்க கம்பீரமா இருக்கும். மேடம் 2003ல வந்த அறிவியல் தொழில்நுட்பக் கொள்கைய எடுத்து காட்டினாங்க, அதுல 2 சதவீதம்னு இருக்கு. 2013ல வந்த கொள்கைய காட்டினாங்க, அதுலயும் 2 சதவீதம். "உன் பேப்பர் மூணாவது, அவ்வளவுதான் வித்தியாசம்"னாங்க. விஷயம் என்னன்னா அந்த 0.64ல தனியார் கம்பெனிங்க பங்கு மூணுல ஒண்ணுக்கு கொஞ்சம் மேல, மீதி அரசும் யுனிவர்சிட்டியும். கொரியாவுல அது தலைகீழ், கம்பெனிங்கதான் பெரும்பங்கு போடறாங்க. அப்போ நிதியமைச்சர் கிட்ட 2 சதவீதம் கேட்டா அவர் என்ன பண்ணுவாரு, கம்பெனிக்காரன் பாக்கெட்ல கைய விடுவாரா? இத யோசிச்சுட்டு ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கன்னு 2023ல வந்த அனுசந்தான் நேஷனல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சட்டத்த படிச்சா வேற மாதிரி புரியும். அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல வந்துச்சு, ஆனா அதுல 36,000 கோடி அரசுக்கு வெளிய இருந்து வரணும்ங்கறதுதான் கணக்கு. வருதா இல்லையான்னு பாக்க வருஷா வருஷம் பட்ஜெட் புஸ்தகத்துல அந்த ஒரு வரிய தேடணும். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவுன்னு மூணு தொகை இருக்கும், டிவில பேசறது பட்ஜெட் மதிப்பீடு மட்டும், கதை இருக்கறது உண்மைச் செலவுல. எனக்கு பிப்ரவரி 1 இப்பல்லாம் தீபாவளி மாதிரி, லட்டு இல்லாத தீபாவளி.

பார்லிமென்ட் கேள்விகள படிக்கச் சொன்னதும் மேடம்தான், நான் இந்த வேலைல கத்துக்கிட்ட பெரிய ரகசியம் அது, ரகசியமே இல்ல, எல்லாம் வெப்சைட்ல கிடக்கு. லோக் சபால ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, அதுக்கு அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், மேல துணைக் கேள்வி கேக்கலாம். 230 நட்சத்திரமில்லாத கேள்வி, அதுக்கு எழுத்துல பதில். இந்த 230ல புதையல் இருக்கும். எத்தனை விஞ்ஞானி பதவி காலியா இருக்கு, ஃபெலோஷிப் எத்தனை மாசம் லேட்டா போச்சு, எந்த திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவாச்சு, எவனோ ஒரு எம்பி கேட்டிருப்பாரு, அமைச்சகம் கையெழுத்து போட்டு பதில் குடுத்திருக்கும், அத விட நம்பகமான தகவல் வேற எது. கேட்டது ஏ, பி, சி, டின்னு நாலு பாகம் இருக்கும், பதில் "ஏ முதல் டி வரை"ன்னு மொத்தமா ஒரு பத்தில வந்தா எதையோ சுத்தி போறாங்கன்னு அர்த்தம். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்"னு வந்தா இன்னும் சுவாரசியம். ஒரு தடவை ஒரு எம்பி ஆபீசுக்கு கேள்வி எழுத உதவி பண்ணேன், பதினஞ்சு நாள் முன்னாடியே குடுக்கணும், குலுக்கல்ல வரணும், வந்துச்சு, நட்சத்திரம் இல்லாததுதான். நான் கேட்டது ரசாயனம் வாங்க சராசரி எத்தனை நாள் ஆகுதுன்னு. பதில்ல ஜெம் போர்ட்டலோட பெருமை ஒண்ணரை பக்கம். தப்பு என்னுதுதான், "நாள்"ங்கற வார்த்தைய மூணாவது உட்பிரிவுல ஒளிச்சு வெச்சிருந்தேன், ஒரே கேள்வியா கேட்டிருந்தா தப்பிச்சிருக்க முடியாது.

அறிவியல் தெரிஞ்சவன் சொன்னா அரசாங்கம் கேக்கணும்னு நினைச்சுட்டுதான் நான் டெல்லி வந்தேன். அந்த நினைப்ப உடைச்சது பிடி கத்திரிக்கா ஃபைல், புழு தாக்காம இருக்க மரபணு மாத்தின கத்திரிக்கா அது. நான் ஸ்கூல் படிக்கும்போது நடந்த கதை, டிவில பாத்த ஞாபகம். 2009 அக்டோபர்ல ஜிஇஏசி, அதாவது மரபணு மாத்தின பயிர்கள பாக்கற அரசு கமிட்டி, ஓகே சொல்லிருச்சு, அறிவியல் ரீதியா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஜெய்ராம் ரமேஷ் அப்போ சுற்றுச்சூழல் அமைச்சர், அவர் ஏழு ஊர்ல ஜனங்கள கூப்பிட்டு கருத்து கேட்டாரு, கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர். 2010 பிப்ரவரி 9ம் தேதி நிறுத்தி வெச்சாரு. லேப்ல இருந்தவரைக்கும் எனக்கு அது அரசியல்வாதி அறிவியல குழி தோண்டி புதைச்ச கதை. அவர் வெளியிட்ட முடிவுக் குறிப்ப முழுசா படிச்சப்போதான் தெரிஞ்சுது, அதுல விஞ்ஞானிங்களே ரெண்டு பக்கமும் இருக்காங்க, கத்திரிக்கா அதிகமா விளையற மாநிலங்கள் வேணாம்னு எழுதியிருக்கு, இன்னும் எந்த டெஸ்ட், யார் லேப்ல பண்ணனும்னு கேள்வி இருக்கு, விதை யார் கையில இருக்கும்னு கேள்வி இருக்கு. இந்த கடைசி கேள்விக்கு என் ஹெச்பிஎல்சில பதில் வராது. முடிவு சரியா தப்பான்னு இன்னும் எனக்குள்ள ஒரு முடிவு இல்ல, சொல்லப்போனா தப்பு பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. ஆனா ஒண்ணு, அதே வருஷம் அந்த கமிட்டி பேர மாத்தினாங்க, ஜிஇஏசில கடைசிக்கு முன்னால இருக்கற ஏ, அப்ரூவலா இருந்தது அப்ரைசல்னு ஆச்சு. அனுமதி தர்ற கமிட்டி மதிப்பிட்டு சொல்ற கமிட்டி ஆயிருச்சு. சுருக்கப்பேர் அதேதான், லெட்டர்பேட்கூட மாத்த வேண்டியிருந்திருக்காது!

வீட்டுக்கு இத எல்லாம் புரிய வைக்கறது தனி ப்ராஜெக்ட். எங்க ஊர் அருப்புக்கோட்டை, பாலிசில வேலைன்னா எல்ஐசின்னுதான் அர்த்தம். அத்தை ஒருத்தங்க நிஜமாவே, "டாக்டர் பட்டம் வாங்கிட்டு எதுக்குப்பா பாலிசி புடிக்கற வேலை, சரி எனக்கு ஒண்ணு போட்டு விடு"ன்னாங்க. அப்பா தறி ஓட்டினவரு, ஒண்ணும் சொல்லாம பாத்துட்டே இருப்பாரு. ஒரு பொங்கல் லீவுல அவர் கிட்ட சி.சுப்பிரமணியம் கதைய சொன்னேன். பொள்ளாச்சி பக்கத்து ஆளு, அறுபதுகள்ல மத்திய உணவு அமைச்சர், எம்.எஸ்.சுவாமிநாதன் மாதிரி விஞ்ஞானிங்க குட்டை ரக மெக்சிகோ கோதுமை நம்ம மண்ணுல நல்லா வருதுன்னு சொல்றாங்க, ஆனா விதை வாங்க அந்நியச் செலாவணி வேணும், கேபினெட் ஒத்துக்கணும், விவசாயி நம்பணும். இவர் தன்னோட டெல்லி பங்களா புல்தரையையே உழுது கோதுமை போட்டுட்டாரு, 1966ல 18,000 டன் விதை கப்பல்ல வந்துச்சு. ரகத்த கண்டுபிடிச்சது விஞ்ஞானி, அது கப்பல் ஏறினதுக்கு பின்னாடி இருந்த ஃபைல் வேலை இருக்கே, அந்த மாதிரி வேலைதான்பா நான் பாக்கறது, அதுல ஒரு ஓரத்துலன்னு சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் பள்ளிக்கூடத்துல மத்தியானம் அமெரிக்கா கோதுமை உப்புமா சாப்பிட்டு வளந்தவன்டா, எண்ணெய் டின்னுல கூட கை குலுக்கற படம் போட்டிருக்கும்"னாரு. மறுநாள் டீக்கடைல யார்கிட்டயோ "மகன் டெல்லில ஃபைல் பாக்கறான்"னு சொல்லிட்டு இருந்தாரு. போதும் எனக்கு.

இழப்பும் இருக்கு, அத சொல்லாம விட்டா அந்த பொண்ண ஏமாத்தின மாதிரி ஆயிரும். கை வேலை போயிரும். ரெண்டு வருஷம் முன்னாடி பழைய லேபுக்கு போனப்போ ஒரு பையன் பைப்பெட்ட குடுத்தான், என் கட்டை விரல் நடுங்குச்சு, வெளிய காட்டிக்கல. பேப்பர்ல பேர் வராது, நீ எழுதின வரி ஒரு ரிப்போர்ட்ல அப்படியே இருக்கும், யாரும் எழுதாத மாதிரி. நாலு மாசம் உழைச்சது ஒரு செயலாளர் டிரான்ஸ்பர் ஆனா குப்பைக்கு போயிரும், புது ஆளுக்கு ஆனா ஆவன்னால இருந்து ஆரம்பிக்கணும். ஒரு தடவை பெரிய கூட்டம், ரிசப்ஷன்ல பாஸ் வாங்க ஒரு மணி நேரம் நின்னு, உள்ள போனா கூட்டம் முடிஞ்சு பிஸ்கட் தட்ட எடுத்துட்டு இருக்காங்க. முந்திரி பிஸ்கட் ரெண்டு சாப்பிட்டுட்டு வந்தேன்.

கோர்ஸ் கேட்ட பொண்ணுக்கு நான் உருப்படியா சொன்னது ஒண்ணே ஒண்ணு. உன் லேப்ல உனக்கு எரிச்சலூட்டற ஒரு விஷயத்த எடுத்துக்கோ, ஃபெலோஷிப் லேட்டாவோ, ஜர்னல் கிடைக்காததோ, எதுவோ. அத எந்த ரூல், எந்த துறை, எந்த தேதி ஆர்டர்னு கடைசி வரைக்கும் துரத்திட்டு போ, ரெண்டு பக்கத்துல எழுது. அந்த ரெண்டு பக்கம்தான் எந்த இன்டர்வியூக்கும் டிக்கெட்டு, எனக்கும் ஆரம்பம் ஒரு ரூல துரத்தினதுதான். ஜர்னல் விஷயத்தையே எடுத்துக்கோயேன், 2020 டிசம்பர் கடைசில வெளிவந்த அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை வரைவுல, ஜர்னலுக்கு நாடு மொத்தத்துக்கும் சேத்து சந்தா கட்டற ஒரே நாடு ஒரே சந்தான்னு ஒரு யோசனை இருந்துச்சு, அந்த கொள்கை இன்னிக்கு வரைக்கும் வரைவாவேதான் இருக்கு, ஆனா அந்த ஒரு யோசனை மட்டும் தனியா நடந்து போய் 2024 நவம்பர்ல கேபினெட்ல 6,000 கோடியோட ஓகே ஆயிருச்சு, 2025 ஜனவரில இருந்து அரசு கல்லூரி பசங்க ஜர்னல் படிக்கறாங்க. குதிரை வரல, லாடம் மட்டும் வந்து சேந்துருச்சு.

சரி, நம்ம பாட்டில் கதைக்கு முடிவு இருக்கு. 2025 ஜூன்ல செலவினத் துறை ஆர்டர் போட்டுச்சு. அறிவியல் துறைகளோட ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்கு தேவையானத ஜெம்முக்கு வெளிய வாங்கலாம், குவோட்டேஷன் இல்லாம வாங்கற வரம்பு, நான் இருந்தப்போ 25,000, நடுவுல 1 லட்சம் ஆச்சு, இப்ப 2 லட்சம், பர்ச்சேஸ் கமிட்டி வரம்பு 10 லட்சத்துல இருந்து 25 லட்சம். எங்க ப்ரீஃபால இது நடந்துச்சுன்னு சொன்னா வாய் அழுகிரும், நாட்டுல இருக்கற அத்தனை விஞ்ஞானியும் வருஷக்கணக்கா புலம்பினாங்க, எத்தனையோ பேர் எழுதினாங்க, அந்த குவியல்ல எங்க ரெண்டு பக்கமும் எங்கயோ கிடந்திருக்கலாம், கிடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் ஆர்டர படிச்சதும் கை பரபரன்னு ஆயிருச்சு, பர்ச்சேஸ் சாருக்கு போன் போட்டேன். ரிட்டையர் ஆகி சொந்த ஊர்ல இருக்காரு. "சார், ரூல் 149 மாறிருச்சு சார்!"னு கத்தினேன், 2019ல கத்தின அதே குரல்ல.

"ஓஎம் நம்பர் சொல்லுங்க தம்பி"ன்னாரு. ஓஎம்னா ஆபீஸ் மெமோராண்டம், அந்த ஆர்டர்தான்.

வாட்ஸப்ல அனுப்பினேன். அரை மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பதில் வந்துச்சு, தமிழ்ல, தட்டுத்தடுமாறி டைப் பண்ணது: "படித்தேன். அதிகாரம் டைரக்டருக்கு என்று உள்ளது. அவர் கீழே டெலிகேட் செய்து தனி ஆபீஸ் ஆர்டர் போட வேண்டும். போடாவிட்டால் செக்ஷனில் பழையபடிதான் கேட்பார்கள். உங்கள் இடத்தில் போட்டார்களா?"

எனக்கு தெரியல. பழைய லேபுக்கு போன் பண்ணி கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. போன வாரம் அந்த பொண்ணு கேட்ட கோர்ஸுக்கு பதிலா இந்த மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட்டத்தான் அனுப்பி வெச்சேன், உங்க இன்ஸ்டிட்யூட்ல அந்த ஆபீஸ் ஆர்டர் வந்துச்சான்னு விசாரிச்சு சொல்லுன்னு. இன்னிக்கு காலைல பதில் போட்டிருக்கா: "அண்ணா, பர்ச்சேஸ்ல கேட்டேன், எந்த ஓஎம்னு கேக்கறாங்க."